இருக்கையை முன்னால் இழுத்துவைத்த ஆள்

உங்களைத்தான் சொல்கிறேன். என் வண்டியின் ஓட்டுநர் இருக்கையைக் கடைசிப் பல் வரைக்கும் முன்னால் இழுத்துவைத்துவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி இறங்கிப் போகிறீர்களே, உங்களைத்தான். இன்று காலையும் அவசரமாகக் கதவைத் திறந்து உள்ளே பாய்ந்தேன். வலது முழங்கால் ஸ்டியரிங்கில் மோதியது. அதற்கு என்ன ஆயிற்று என்று பார்க்கப் போன இடது முழங்காலும் மோதியது. வயிறு ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தது. தெருவில் நாலு ஜன்னல் திறந்தது. நாலிலும் சிரிப்பு.

நாலு மாதமாக இதே கதை. உங்கள் பெயரை எழுதமாட்டேன். நடந்ததை மட்டும் எழுதுகிறேன். தப்பு என் மேலா, உங்கள் மேலா என்று படிக்கிறவர்கள் சொல்லட்டும்.

நான் பழைய மெஷின் வாங்கி விற்பவன். மூடிய ஆலை, நொடித்த பட்டறை, எங்கே துருப்பிடித்த இரும்பு கிடக்கிறதோ அங்கே நான் நிற்பேன். பள்ளிக்கூடம் என்னை ஐந்தாம் வகுப்போடு அனுப்பிவிட்டது. மீதியைத் தெரு சொல்லிக்கொடுத்தது. தெரு பிரம்பெல்லாம் வைத்துக்கொள்வதில்லை, கையாலேயே அடிக்கும். வாங்கிய அடிகளிலிருந்து ஒரே ஒரு விதியைக் கற்றுக்கொண்டேன். கேட்டதும் விலையைக் குறைக்கிறவன் பொருளில் கோளாறு இருக்கிறது. தரவே மாட்டேன் என்கிறவனிடம்தான் சரக்கு இருக்கிறது. இந்த ஒற்றை விதியை வைத்தே வீடு கட்டினேன், மகளைக் கட்டிக்கொடுத்தேன். என் விதி ஊருக்கே தெரியும். வீட்டுக்கும் தெரியும்.

வீட்டில் இருப்பவள் சந்தை வாசலில் உள்ள எடைமேடையில் வேலை பார்க்கிறாள். லாரி மேடையில் ஏறும். கண்ணாடி அறைக்குள் இருந்து பொத்தானை அழுத்துவாள். சீட்டு வரும். பதினெட்டு வருஷமாக இதுதான் அவள் வேலை. "எட்டு டன்தாம்மா, என் பிள்ளை மேல சத்தியம்" என்று தலையில் அடித்துக்கொள்கிற டிரைவரை நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டாள். சீட்டைக் கிழித்துக் கையில் கொடுப்பாள். பதினோரு டன் என்று இருக்கும். வீட்டிலும் அப்படித்தான். நான் கத்துவேன். அவள் சீட்டைக் கிழித்துக் கொடுப்பாள்.

பிரச்சினை மகளிடமிருந்து வந்தது. மலைக்கு அந்தப் பக்கம், அறுநூறு கிலோமீட்டர் தள்ளி, ஒரு பெரிய ஏரியில் அவளும் மாப்பிள்ளையும் படகு ஓட்டுகிறார்கள். ஊர் சுற்ற வருகிறவர்களை ஏற்றி ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டுவதுதான் தொழில். இருந்தது இரண்டு படகு. அதில் ஒன்று பாறையில் மோதி அடி பிளந்துவிட்டது.

"அப்பா, ஒண்ணாந்தேதி ஆய்வாளர் வருவாரு. ரெண்டு படகு தண்ணியில நிக்கணும். இல்லேன்னா எங்க படகுத்துறையை அடுத்த ஆளுக்குக் குடுத்துடுவாங்க."

"எத்தனை நாள் இருக்கு?"

"இருபது நாள்."

"படகோட வரேன். போனை வை."

மாப்பிள்ளை போனை வாங்கினார். மரியாதையான பிள்ளை. அந்த மரியாதைதான் எனக்கு எரிச்சல். "மாமா, நீங்க கஷ்டப்பட வேண்டாம். அங்கேயே ஒண்ணு பாத்து லாரியில ஏத்தி அனுப்பிடுங்களேன்."

லாரிக்காரனைப் போய்ப் பார்த்தேன். வாடகை சொன்னான். குறைக்கச் சொன்னேன். உடனே குறைத்தான். அங்கேயே எழுந்து வந்துவிட்டேன். கேட்டதும் குறைக்கிறவன் லாரியில் என் மகளின் படகை ஏற்றுவதா? நானே இழுத்துக்கொண்டு போவேன் என்று அன்றைக்கே சபதம் எடுத்தேன். யாரும் எனக்கு யோசனை சொல்லக் கூடாது என்பது சபதத்தின் இரண்டாம் பகுதி.

மூடிப்போன விடுதி ஒன்றில் படகு கிடைத்தது. பத்துப் பேர் உட்காரலாம். அந்த விடுதிக்காரர் இரண்டு நாள் தரமாட்டேன் என்றார், அதனால் நல்ல படகு. படகை வைத்து இழுக்கும் டிரெய்லரையும் அவரிடமே பிடுங்கிக்கொண்டேன். படகின் எடை தொள்ளாயிரம் கிலோ என்று ஒரு தாளும் கொடுத்தார். என்னிடம் பன்னிரண்டு வருஷமாக ஒரு சின்னக் கார் இருந்தது. அதன் பின்னால் கொக்கி ஒன்றை வெல்டிங் வைத்தேன். படகைக் கொக்கியில் மாட்டினேன். மனைவியைப் பக்கத்தில் உட்காரவைத்தேன்.

"ஏங்க, இந்தக் காரா இதை இழுக்கப்போகுது?"

"இழுக்குதா இல்லையா பாரு."

இழுத்தது. பொய் சொல்லமாட்டேன். மேம்பாலத்தில் ஏறும்போது கொஞ்சம் புகை விட்டது, கிளட்ச் கருகிய வாசனை வந்தது, ஆனாலும் இழுத்தது. பாலத்தின் உச்சியில் அவளைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தேன். சரியாக அந்த இடத்தில்தான் இறக்கம் ஆரம்பித்தது.

முதலில் படகு கொஞ்சம் இடது பக்கம் எட்டிப் பார்த்தது. அப்புறம் வலது பக்கம். அப்புறம் அதற்கு அந்த ஆட்டம் பிடித்துப்போய்விட்டது. காரின் வாலைப் பிடித்து ஆட்டியது. நான் ஸ்டியரிங்கை ஒரு பக்கம் திருப்பினால் கார் வேறு பக்கம் போனது. பிரேக்கை மிதித்தேன். கார் நிற்க நினைத்தது, படகு விடவில்லை. முன்னால் போன ஸ்கூட்டர்காரர் கண்ணாடியில் பார்த்தார், தன் முதுகுக்குப் பின்னால் ஒரு படகின் மூக்கு வருவதைப் பார்த்தார், ஸ்கூட்டரை நடைபாதை மேல் ஏற்றிவிட்டார். பாலம் முடிந்து மேடு வந்ததால் நின்றோம். நின்ற பிறகும் படகு இரண்டு முறை ஆடியது.

நான் ரோடு போட்டவனைத் திட்டினேன். காற்றைத் திட்டினேன். ஸ்கூட்டர்காரரைத் திட்டினேன். கார் செய்த கம்பெனிக்கு மட்டும் தப்பிக்க வழி இருக்குமா, அதையும் திட்டினேன். அவள் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். விரல்கள் வெளுத்திருந்தன. எல்லாம் திட்டி முடித்த பிறகு சொன்னாள்.

"நீங்க படகை இழுக்கலைங்க. படகு உங்களைத் தள்ளிச்சு."

அவளுடைய எடைமேடை நூறு அடியில் இருந்தது. காரைக் கழற்றிவிட்டு, டிரெய்லரை மட்டும் நாலு பேர் தள்ளி மேடையில் ஏற்றினார்கள். உள்ளே போனாள். பொத்தான். சீட்டு. ஆயிரத்து எழுநூற்று நாற்பது கிலோ.

"தாளில தொள்ளாயிரம்னு போட்டிருக்கே. உன் மேடையில கோளாறு."

"அது வெறும் படகு. இதுல இன்ஜின் இருக்கு, பேட்டரி இருக்கு, டீசல் கேன் இருக்கு, நங்கூரம் இருக்கு, எல்லாத்துக்கும் கீழ டிரெய்லர் இருக்கு. உங்க கார் இதுல பாதிதான் தேறும். இழுக்கறது பெரிசில்லைங்க. நிறுத்தறதுதான் பெரிசு. இழுக்கற வண்டி கனமா, நீளமா இருக்கணும். டிரெய்லருக்குத் தனி பிரேக் இருக்கணும்."

"எனக்கு வண்டி பத்திச் சொல்றியா நீ?"

"சொல்லலை. சீட்டுல இருக்கறதைப் படிச்சேன்."

மறுநாள் வண்டி வாங்கக் கிளம்பினேன். ஊரில் பழைய வண்டி விற்பவர் ஒருத்தர் இருக்கிறார். எல்லாரும் அவரைச் சிக்கனம் என்றுதான் கூப்பிடுவார்கள். காசில் இல்லை, பேச்சில் சிக்கனம். பத்து வார்த்தை கேட்டால் ஒரு வார்த்தை தருவார். பேரம் பேசுகிறவனுக்கு இதைவிடக் கொடுமை கிடையாது. மனைவியும் கூட வந்தாள். நான் கூப்பிடவில்லை. காரில் ஏறும்போது ஏற்கெனவே உள்ளே இருந்தாள்.

யார்டில் நுழைந்ததும் என் கண்ணில் சிவப்பு வண்டி ஒன்று பட்டது. உயரமாக, நீளத்தில் குட்டையாக, பெரிய சக்கரத்தோடு, சண்டைக்கு வா என்கிற மாதிரி நின்றது. என்னை மாதிரியே. அவளோ மூலைக்குப் போனாள். அங்கே சேற்று நிறத்தில் ஒன்று படுத்திருந்தது. நீளம், தாழ்வு, கனம். அடியில் லாரிக்கு இருக்கிற மாதிரி இரும்புச் சட்டம். பார்த்தால் வண்டி மாதிரியே இல்லை, சக்கரம் வைத்த அலமாரி மாதிரி இருந்தது.

"இதுங்க," என்று விரலை நீட்டினாள்.

சரி, கேட்டு வைப்போம் என்று கேட்டேன். சிக்கனம் விலை சொன்னார். பாதி சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்தார். "கொஞ்சம் ஏத்துங்க, எடுத்துக்கோங்க," என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரே பேச்சு. ஒரே நிமிஷம். என் விதி காதுக்குள் மணி அடித்தது. "வேண்டாம்," என்றேன்.

"ஏன் வேண்டாம்?" என்றாள் அவள்.

"கோளாறு இருக்கு."

"என்ன கோளாறு?"

"குடுக்கறான் பாரு. அதான் கோளாறு."

சிக்கனமும் அவளும் ஒருத்தரையொருத்தர் ஒரு வினாடி பார்த்துக்கொண்டார்கள். அந்த ஒரு வினாடிக்கு நான் இன்றைக்கும் கட்டணம் கட்டிக்கொண்டிருக்கிறேன். அப்போது சிவப்பு வண்டியின் டயரை உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சிவப்பை முடித்துவிடலாம் என்று மறுநாள் தனியாகப் போனேன். "சிவப்பு?" என்றேன்.

"இருக்கு. எடுத்துக்கோங்க அண்ணே."

இதிலும் எனக்குச் சந்தேகம் தட்டியது. சும்மா ஒரு பார்வை மூலைப் பக்கம் போட்டேன். சேற்று நிற அலமாரியின் கண்ணாடியில் ஒரு அட்டை தொங்கியது. முன்பதிவு ஆகிவிட்டது என்று எழுதியிருந்தது.

"என்னய்யா அது?"

"புக் ஆயிடுச்சு."

"யாரு?"

"ஒருத்தங்க."

"எப்ப?"

"நேத்து சாயந்திரம்."

"நேத்து நான்தானே பேசிட்டு இருந்தேன்?"

"நீங்க வேண்டாம்னீங்க."

"வேண்டாம்னு சொன்னா வித்துடுவியா? பேரத்துல வேண்டாம்னா வேண்டாம்னு அர்த்தமா?"

அவர் தேநீரைக் குடித்தார். நான் அந்த வண்டியின் கதவைத் திறந்து பார்த்தேன். ஓட்டுநர் இருக்கை கடைசிப் பல் வரைக்கும் முன்னால் இழுத்திருந்தது. வந்தவன் ஓட்டிப் பார்த்திருக்கிறான். அதுவும் ஐந்தடிக்கு மேல் ஒரு விரல்கூட வளராதவன். அந்தச் சின்ன ஆள் என் மூக்குக்கு முன்னால் வந்து, என் பொருளைத் தட்டிக்கொண்டு போவதா? இருக்கையைக் கடைசி வரைக்கும் பின்னால் தள்ளிவிட்டு வந்தேன். அது என் கையெழுத்து.

"சிக்கனம், இந்த வண்டி எனக்கு வேணும்."

"தரமுடியாது."

இருபது வருஷமாக எனக்கு யாரும் இவ்வளவு இனிப்பான வார்த்தை சொன்னதில்லை. வண்டியில் சரக்கு இருக்கிறது என்று அந்த நிமிஷமே முடிவுக்கு வந்தேன்.

வீட்டுக்கு வந்து கத்தினேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"விடுங்களேன். சிவப்பையே எடுத்துக்கலாம், பாக்க நல்லா இருக்கு," என்றாள்.

"சிவப்பா? அது குட்டை. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல ஒரு முழம்கூட இல்லை. படகு ஆட ஆரம்பிச்சா அதோட சேந்து அதுவும் ஆடும். நீளம் வேணும், கனம் வேணும். உனக்கு எங்க தெரியப்போகுது?"

"அப்படியா?" என்று கேட்டுவிட்டு என் சட்டையை மடித்தாள்.

அதற்கடுத்த மூன்று நாளும் ஒரு யுத்தம். எடைமேடையில் வேலை அதிகம் என்று அவள் காலையில் எனக்கு முன்பே கிளம்பிவிடுவாள். நான் சாவகாசமாகச் சாப்பிட்டுவிட்டு யார்டுக்குப் போவேன். போனால் இருக்கை மறுபடி முன்னால் இருக்கும். அந்த ஆள் தினமும் எனக்கு முன்பே வந்துபோகிறான். மண்ணில் சக்கரத் தடம் வளைந்து வளைந்து கிடக்கும். பின்னால் எடுத்து எடுத்துப் பழகியிருக்கிறான், கற்றுக்குட்டி. நான் இருக்கையைப் பின்னால் தள்ளுவேன். இப்படியே எங்கள் இரண்டு பேருக்கும், முகம் பார்க்காமலே, ஒரு பகை வளர்ந்தது.

முதல் நாள் சிக்கனம் சொன்னார். "அவங்க டிரெய்லருக்குத் தனி பிரேக் கேக்கறாங்க. வண்டியோட சேத்துப் போட்டுத் தரணுமாம்."

"டிரெய்லரா? அவனுக்கு எதுக்கு டிரெய்லர்?"

"படகு வச்சிருக்காங்களாம்."

என் வண்டியைத் திருடியது போதாது என்று என் யோசனையையும் திருடியிருக்கிறான். "அப்ப எனக்கும் தனி பிரேக். அவனுக்கு என்ன போடறியோ அதைவிட நல்லதாப் போடு."

இரண்டாம் நாள் அந்த ஆள் இரண்டு பக்கமும் அகலக் கண்ணாடி கேட்டிருந்தான், படகின் பின்புறம் வரை தெரிகிற மாதிரி. பின்பக்கம் புது ஸ்பிரிங். நாலும் புது டயர். டிரெய்லருக்கு ஸ்டெப்னி. கொக்கி கழன்றாலும் படகு தனியாக ஓடாமல் இருக்க, குறுக்கும் நெடுக்குமாகக் கட்ட இரண்டு சங்கிலி. நான் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, கடைசியில் மூன்றாவது சங்கிலி என்று சேர்த்தேன்.

"மூணாவது எதுக்கு?" என்றார் சிக்கனம். அவர் வாழ்க்கையில் தானாகக் கேட்ட ஒரே கேள்வி அதுதான்.

"அவன் ரெண்டு கேட்டான் இல்ல? அதுக்கு."

மூன்றாம் நாள் கடைசி நிபந்தனை வந்தது. குவாரி மேட்டில் படகைக் கட்டி ஏற்றி, இறக்கத்தில் மூன்று முறை நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் அந்த ஆள் பணம் கட்டுவானாம். நாளைக் காலை வருவானாம். நான் அன்று மத்தியானமே என் படகைக் கொண்டுவந்து, டிரெய்லருக்குப் பிரேக் பொருத்தவைத்துக் கட்டினேன். குவாரி மேட்டில் ஏறினேன். இறக்கத்தில் நாலு முறை நிறுத்தினேன். வண்டி அசையாமல், பாறை மாதிரி நின்றது. படகு பின்னால் பெட்டிப்பாம்பாய் அடங்கி வந்தது. கீழே வந்ததும் சிக்கனத்தின் கையில் பணத்தைத் திணித்தேன். அவர் தயங்கினார்.

"அவங்ககிட்ட நான் என்ன சொல்றது?"

"நான் எடுத்துட்டேன்னு சொல்லு. ஆள் வளர்ந்தப்புறம் வண்டி ஓட்ட வரச்சொல்லு."

"சரி, சொல்லிடறேன்," என்றார். அவர் சிரித்ததை நான் பார்த்ததே இல்லை என்பதால், அது சிரிப்பு என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

வீட்டு வாசலில் ஹாரனை அடித்துக்கொண்டே நின்றேன். அவள் வெளியே வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தாள். பிரேக்கைப் பார்த்தாள். கண்ணாடியைப் பார்த்தாள். சங்கிலிகளை எண்ணினாள்.

"மூணா?" என்றாள்.

"ஜெயிச்சவன் மூணு வாங்குவான்."

"பாவங்க, அந்த ஆள்."

"பாவமா? அவன் முகத்தைப் பாக்கணும் எனக்கு."

"பாப்பீங்க. சின்ன ஊருதானே."

கிளம்புகிற அன்று காலை அவள் எடைமேடையிலிருந்து ஒரு சின்னத் தராசைக் கொண்டுவந்து, டிரெய்லரின் மூக்குக்குக் கீழே வைத்தாள். அறுபது கிலோ காட்டியது. "பத்துல ஒரு பங்கு கனம் கொக்கி மேல உக்காரணும். நூத்தி எழுபதாவது வேணும். பின்னால கனம் கூடினா மூக்கு தூக்கும், மூக்கு தூக்கினா ஆடும். அன்னைக்குப் பாலத்துல அதான் நடந்துச்சு."

"படகுக்கு மூக்குல கனம் வேணுமா?"

"வேணும். மனுஷனுக்குத்தான் வேண்டாம்."

டீசல் கேன், நங்கூரம், பேட்டரி எல்லாவற்றையும் படகின் பின்பக்கத்திலிருந்து முன்பக்கத்துக்கு நானே சுமந்தேன். அவள் தராசைப் பார்த்துக்கொண்டு "இன்னும்," "இன்னும்," என்றாள். நூற்று எழுபத்திரண்டில் "போதும்" என்றாள்.

வழியெல்லாம் நான்தான் ஓட்டினேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தச் சொல்லி, இறங்கி, டிரெய்லர் சக்கரத்தின் நடுவில் கையை வைத்துச் சூடு பார்த்தாள். குழந்தைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி. மலை இறக்கத்தில், ஒரு வளைவு தாண்டியதும், யார்டில் பார்த்த சிவப்புக்குக் கூடப்பிறந்தது மாதிரி ஒரு வண்டி ஓரத்தில் நின்றது. அது இழுத்துவந்த டிரெய்லர் மடங்கி, வண்டியின் விலாவிலேயே குத்தியிருந்தது. யாருக்கும் அடியில்லை. வண்டிக்காரர் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு பதினோரு கிலோமீட்டர் நான் வாயைத் திறக்கவில்லை. என் வாழ்நாள் சாதனை அது.

ஒன்றாம் தேதி மூன்றரை மணிக்கு ஏரிக்குப் போய்ச் சேர்ந்தோம். நடுவில் இரண்டு நாள் சாலை மூடிக் கிடந்ததால் அவ்வளவு தாமதம். ஆய்வாளர் அட்டையும் பேனாவுமாகத் துறையில் நின்றார். நாலு மணிக்குக் கிளம்பிவிடுவாராம். மகள் கைகளைப் பிசைந்துகொண்டிருந்தாள். படகைத் தண்ணீரில் இறக்க ஒரு சரிவு இருக்கிறது. டிரெய்லரைப் பின்பக்கமாக அதில் இறக்கவேண்டும். ஒரு வேலைதான்.

பின்னால் எடுத்தேன். ஸ்டியரிங்கை இடது பக்கம் திருப்பினால் படகு வலது பக்கம் போகிறது. வலது பக்கம் திருப்பினால் இடது பக்கம். என்னோடு பேரம் பேசுகிறது.

"மாமா, கொஞ்சம் இடது பக்கம் மாமா," என்றார் மாப்பிள்ளை.

திருப்பினேன்.

"இல்ல மாமா, படகோட இடது பக்கம்."

"படகுக்கு ஏதுங்க மாப்பிள்ளை தனியா இடது பக்கம்?"

ஏழு முறை. ஏழாவது முறை ஒரு பெஞ்சை இடித்தேன். துறையில் கூட்டம் சேர்ந்துவிட்டது. நாலு மணிக்கு எட்டு நிமிஷம். ஆய்வாளர் பேனாவை மூடிப் பைக்குள் வைத்தார். மகள் என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தாள். என் பயத்தைக் கோபம் என்று வெளியே காட்டிக்கொண்டேன்.

மனைவி என் பக்கத்துக் கதவைத் திறந்தாள். "இறங்குங்க."

"நீயா? பதினெட்டு வருஷம் லாரியைப் பாத்திருக்கே, ஓட்டியிருக்கியா?"

"இறங்குங்க."

இறங்கினேன். அவள் ஏறி உட்கார்ந்தாள். குனிந்து பார்க்கவில்லை, தேடவில்லை. கை நேராக இருக்கைக்கு அடியில் போனது, நெம்புகோலைப் பிடித்தது, இழுத்தது. இருக்கை தடதடவென்று கடைசிப் பல் வரைக்கும் முன்னால் போய் நின்றது.

அந்தப் பல்லை எனக்குத் தெரியும்.

அவள் தலையைத் திருப்பக்கூட இல்லை. அந்த அகலக் கண்ணாடிகளை மட்டும் பார்த்தாள். ஒரே எடுப்பு. படகு நூல் பிடித்த மாதிரி சரிவில் இறங்கி, தண்ணீரைத் தொட்டு, எழுந்து மிதந்தது. நாலு மணிக்கு மூன்று நிமிஷம். ஆய்வாளர் பேனாவை வெளியே எடுத்தார், கையெழுத்துப் போட்டார். துறை என் மகளுக்கு நின்றது. நான் கணுக்கால் தண்ணீரில் நின்றேன்.

"என்னப்பா இப்படி முழிக்கறீங்க?" என்றாள் மகள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அம்மா மூணு நாள் அந்த யார்டுல வாடகை டிரெய்லரைக் கட்டிப் பழகினாங்களே. வண்டியை புக் பண்ணின அன்னைக்கே எனக்குப் போன் பண்ணிட்டாங்க. உங்களுக்குத் தெரியாதா?"

எல்லாருக்கும் தெரிந்திருந்தது. மாப்பிள்ளைக்குத் தெரியும். மரியாதைக்காக ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சிக்கனத்துக்குப் போன் போட்டேன். "ஏன்யா, என் தலையில இப்படி மிளகாய் அரைச்சிட்டியே."

"அண்ணிக்கு வாக்குக் குடுத்தேன்."

"அவ என்ன விலைக்குப் பேசி முடிச்சா?"

"நீங்க குடுத்ததுக்குக் கீழ. மிச்சத்துலதான் பிரேக், கண்ணாடி எல்லாம் போட்டேன். மூணாவது சங்கிலி என் அன்பளிப்பு." வாழ்க்கையிலேயே அதிகமாகப் பேசிவிட்டதாலோ என்னவோ, உடனே வைத்துவிட்டார்.

அவளிடம் திரும்பினேன். "என்கிட்ட நேரா சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னேங்க. விரலை நீட்டிச் சொன்னேன். சுலபமாக் கிடைச்சுதுன்னு வேண்டாம்னுட்டீங்க." கையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "பாலத்துல அன்னைக்கு எனக்கு உயிரே போயிடுச்சு. திரும்ப அந்த மாதிரி ஒரு இறக்கத்துல உங்க பக்கத்துல உக்காரணும்னா, எனக்கு இந்த வண்டி வேணும். உங்களுக்குச் சண்டை வேணும். ரெண்டையும் சேத்து வாங்கிக் குடுத்தேன்."

அவள் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டாள்.

இது நடந்து நாலு மாதம் ஆகிறது. இப்போது அந்த வண்டி, மேடையைச் சரிபார்க்கிற எடைக்கற்களைப் பக்கத்து இருக்கைக்குப் பின்னால் அடுக்கிக்கொண்டு, தினமும் எடைமேடைக்குப் போகிறது. போகிற வழியில் என்னை என் கடை வாசலில் இறக்கிவிட்டுப் போகிறது. எப்போதாவது ஒருநாள் நான் முந்திக்கொண்டு சாவியை எடுத்தால், இன்று காலை நடந்தது நடக்கிறது.

ஆகவே, இருக்கையை முன்னால் இழுத்துவைக்கும் ஆளே, உங்களிடம் நேராகவே கேட்கிறேன். இதற்கு ஒரு முடிவு வேண்டும். வண்டியை விட்டு இறங்கும்போது இருக்கையைக் கடைசி வரைக்கும் பின்னால் தள்ளிவையுங்கள். முடியாதா? சரி, பாதி தள்ளுங்கள். அதுவும் முடியாதா? வாரத்தில் ஒருநாள், ஞாயிற்றுக்கிழமை மட்டும் தள்ளுங்கள். இதைப் படித்துவிட்டு இப்போதும் துணி மடித்துக்கொண்டே சிரிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். கடைசியாகச் சொல்கிறேன். இதற்குக் கீழே நான் இறங்கவேமாட்டேன். ஓட்டுநர் இருக்கையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அடுக்கிவைத்திருக்கிற எடைக்கற்களை நகர்த்தி, பக்கத்து இருக்கையையாவது ஒரு பல் பின்னால் தள்ளிவையுங்கள். நான் தினமும் உட்கார்ந்து வருகிற இடம் அது. அங்கேயும் முழங்கால் இடிக்கிறது.